சீமைத் தக்காளியும் ஒரு கொழுகொம்பும்

படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டுப் போன பாரியின் கதை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அதே பாரி ஒரு தக்காளிச் செடிக்குத் தேரைக் கொடுத்திருந்தால்? ஒன்றும் நடந்திருக்காது! முல்லை தானே சுற்றிக்கொள்ளும். தக்காளிக்குச் சுற்றத் தெரியாது. புடலை, பீர்க்கை மாதிரி பற்றிக்கொள்ளச் சுருள் கம்பியும் கிடையாது. கொம்பு நட்டால் மட்டும் போதாது; யாராவது உட்கார்ந்து கட்டிவிடவும் வேண்டும். இந்தச் சின்ன வேலைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

முதலில் பெயர். 'தக்காளி' பழைய தமிழ்ச் சொல். ஆனால் அந்தப் பெயர் இந்தச் செடிக்கு உரியதல்ல. பிள்ளைகள் நெற்றியில் அடித்துச் சொடுக்கும் சொடக்குத் தக்காளியும், வாய்ப்புண்ணுக்குச் சாப்பிடும் மணத்தக்காளியும்தான் இந்த ஊர்த் தக்காளிகள். இன்று ரசத்தில் போடும் பழத்தின் பூர்வீகம் தென் அமெரிக்கா. மெக்சிகோவில் பயிராகி, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்குப் போய், போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். வந்தபோது 'சீமைத் தக்காளி'. நாளடைவில் சீமை உதிர்ந்துவிட்டது. ஆனாலும் மயிலாப்பூரில் இன்றும் பல வீடுகளில் திவசச் சமையலில் தக்காளிக்கு இடமில்லை. அங்கே அது இன்னமும் 'இங்கிலீஷ் காய்'தான்!

சென்னையில் சீமைச் செடிகளுக்கு ஒரு முகவரி இருந்தது. 1835ல் தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் முயற்சியால் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் அது. கதீட்ரல் சாலையில் அதன் தோட்டம். பின்னாளில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலும், 2010ல் செம்மொழிப் பூங்காவும் வந்த இடம் அதுவே. அந்தக் காலத்து லஸ் பங்களாக்களிலும் அடையாறு தோட்ட வீடுகளிலும் இடத்துக்குப் பஞ்சமில்லை. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து தி.நகர் உருவானபோதும் வீட்டுக்கு ஒரு கொல்லை இருந்தது.

அன்றைய தக்காளி பெரும்பாலும் கொடிபோல நீளும் இனம். தண்டு நின்று போகாது. மூன்று இலைக்கு ஒரு பூங்கொத்து, மறுபடி மூன்று இலை என்று ஆறடிக்கு மேலும் போகும். கட்டாவிட்டால் மண்ணில் சாய்ந்து காய் அழுகும். அதனால் உலகம் முழுக்கத் தோட்டக்காரர்கள் கொம்பும் நாருமாக இருந்தார்கள். இங்கிலாந்தில் வெயில் படும் சுவரோரம் நட்டுக் கட்டுவது வழக்கம்.

1914ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு வயலில் வினோதமான செடி ஒன்று தோன்றியது. சில கொத்துகள் பூத்ததும் தண்டின் நுனியே பூவாகி, வளர்ச்சி நின்றுவிட்டது. யாரும் நறுக்காமலே குட்டையாக நிற்கும் புதர்! ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம்தான் காரணம். கொம்பு வேண்டாம், கட்டுக் கூலி வேண்டாம், காய்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுக்கும். 1960களில் கலிஃபோர்னியாவில் இயந்திரம் தக்காளி அறுவடை செய்ய முடிந்ததற்கு இந்தக் குட்டைச் செடி ஒரு முக்கியக் காரணம்.

தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு ரகம் உண்டு. தேனிக்குப் பக்கத்து அன்னஞ்சியின் பெயரால் வழங்கிய உள்ளூர்த் தக்காளியில் மரபணு மாற்றத்தைத் தூண்டி, பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம்.-1தான் அது. இதுவும் குட்டைச் செடி. தடித்த, புளிப்பான பழம். தூர ஊருக்கு லாரியில் போனாலும் தாங்கும். சந்தையில் 'நாட்டுத் தக்காளி' என்று கூவி விற்பதில் இதுவும் உண்டு. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வீரிய ஒட்டு ரகங்களுக்குக் கொம்பும் கம்பியும் கட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் விதை போட்டோம், தானாக நின்றது என்று பழகிய வீடுகளில் கட்டும் கை மெல்ல மறந்துபோனது.

கொல்லைகள் போய் அடுக்குமாடி வந்தது. பிறகு தோட்டம் மாடிக்கு ஏறியது. 2013-14ல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் சேர்த்து மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியபின் மாடித் தோட்டம் இன்னும் பரவியது. கூடவே பாரம்பரிய ரகங்கள் மேல் ஆசையும் வந்தது. 1889ல் அமெரிக்க விதைப் பட்டியலில் வந்த பிராண்டிவைன், கருஞ்சிவப்பு செரோக்கி பர்ப்பிள் போன்றவை கைமாறி இங்கேயும் வந்தன. இவை பெரும்பாலும் நிற்காமல் நீளும் பழைய இனம். நூறு வருடத்துக்கு முந்தைய செடி வந்துவிட்டது. நூறு வருடத்துக்கு முந்தைய கை எங்கே?

கை இங்கேயேதான் இருக்கிறது. வெற்றிலைக் கொடிக்காலைப் பாருங்கள். அகத்தியை வரிசையாக வளர்த்து, கொடி ஏற ஏற ஒரு சாண் இடைவெளியில் வாழை நாராலோ கோரையாலோ தளர்வாகக் கட்டிக்கொண்டே போவார்கள். தக்காளி கேட்பதும் இதே வேலைதான். கபாலி கோயில் பக்கம் பூக்கட்டுகிறவர்கள் நனைத்து வைத்திருக்கும் அதே வாழை நார் போதும். இல்லையா, பழைய வேட்டிக் கிழிசல். பிளாஸ்டிக் கயிறும் கட்டுக் கம்பியும் காற்றில் தண்டை அறுத்துவிடும்.

நாற்றை நடும்போதே ஐந்தாறு அடிச் சவுக்குக் கொம்பை ஊன்றிவிட வேண்டும். பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். நாரை முதலில் கொம்பில் இறுக்கி, பிறகு எட்டு போல மாற்றித் தண்டைச் சுற்ற வேண்டும். உள்ளே ஒரு விரல் நுழைய வேண்டும், ஏனென்றால் தண்டு பருக்கும். பூங்கொத்துக்கு நேர் கீழே கட்டினால் காய் பாரத்தில் கொத்து ஒடியலாம். இலைக்குக் கீழே கட்டுவது நல்லது. இலை இடுக்கில் வரும் பக்கத் துளிரில் சிலதைக் கிள்ளலாம், மொட்டையடிக்கக் கூடாது. சென்னை வெயிலில் இலை நிழல் இல்லாத காய் வெந்துவிடும்.

கடைசியாக ஒரு சிக்கல். ராத்திரியும் புழுங்கும் கோடையில் தக்காளிப் பூ உதிர்ந்துவிடும். ஆகவே இந்த ஊரில் தக்காளி மழைக்காலத்தில் வளர்ந்து குளிரில் காய்க்க வேண்டிய பயிர். ஆனால் அதுதான் புயல் காலமும்! 2016 டிசம்பர் 12ல் வர்தா வந்தபோது பெரிய மரங்களே ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. நார்க்கழிவுப் பை எடை குறைவு. அதில் ஒற்றைக் கொம்பு நிற்காது. மூன்று கொம்பை முக்காலியாக நுனியில் சேர்த்துக் கட்டி, அதைக் கைப்பிடிச் சுவர்க் கம்பியோடு பிணைத்தால்தான் ஓரளவு தாங்கும். பெரும் புயல் என்றால் பையை உள்ளே எடுத்து வைப்பதே புத்திசாலித்தனம்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். செடி அமெரிக்கா. சவுக்கும் கடல் கடந்து வந்த மரம். நார் மட்டும் உள்ளூர் வாழை. சீமைச் சரக்கு இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது வெற்றிலைக்காரரும் பூக்காரரும் போட்டுப் பழகிய ஒரு முடிச்சு. அந்த முடிச்சு மறந்துபோனால், எவ்வளவு அரிய விதை கைக்கு வந்தாலும் டிசம்பர் காற்றுக்கு முன் அது தரையில்தான் கிடக்கும்.