அழும் குழந்தையும் முதுகெலும்பும்: கைரோபிராக்டிக் சிகிச்சையின் கதை

பால் கொடுத்தாயிற்று. துணி மாற்றியாயிற்று. காய்ச்சல் இல்லை. ஆனாலும் பிறந்து ஆறு வாரமே ஆன குழந்தை, மாலையில் ஆரம்பித்த அழுகையை இரவு வரை நிறுத்துவதில்லை. முகம் சிவக்க, காலை வயிற்றோடு மடக்கிக் கொண்டு வீறிட்டு அழுகிறது.

மருத்துவத்தில் இதற்கு 'காலிக்' என்று பெயர். 1954-ல் மோரிஸ் வெஸ்ஸல் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இதற்கு ஒரு கணக்கு கொடுத்தார். ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல், மூன்று வாரங்களுக்கு மேல் அழுதால் அது காலிக். காரணம் இதுதான் என்று இன்று வரை யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். இந்த அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும்.

இதை மட்டும் மனதில் வைத்துக் கொண்டால் மீதிக் கதை எளிதில் புரியும். ஏனென்றால் அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இப்படி அழும் குழந்தையைத் தூக்கிக் கொண்டு பல பெற்றோர்கள் போகும் இடம் கைரோபிராக்டிக் சிகிச்சை நிலையம். முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரி செய்யும் முறை இது. கர்ப்பிணிகளும் போகிறார்கள். 'மென்மையானது, மருந்தில்லாதது' என்பதுதான் விளம்பரம். பெரியவர்களின் முதுகில் 'மடக்'கென்று சத்தம் வரச் செய்யும் ஒரு வைத்தியம், பிறந்த குழந்தை வரை எப்படி வந்தது?

டேவன்போர்ட், 1895

டேனியல் டேவிட் பால்மர் 1845-ல் கனடாவில் டொரண்டோவுக்கு அருகே பிறந்தவர். அமெரிக்காவுக்கு வந்து பள்ளியில் பாடம் நடத்தினார், தேனீ வளர்த்தார், மளிகைக் கடை வைத்தார். பிறகு அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள டேவன்போர்ட் நகரில் 'காந்த வைத்தியர்' ஆனார்.

1895 செப்டம்பர் 18 அன்று, அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்ட் என்ற கறுப்பினத்தவரை அவர் பரிசோதித்தார். லில்லார்டுக்குப் பதினேழு வருடமாகக் காது சரியாகக் கேட்காது. முதுகில் ஓர் எலும்பு புடைத்திருந்ததாகவும், அதை அழுத்தி உள்ளே தள்ளியதும் காது கேட்கத் தொடங்கியதாகவும் பால்மர் எழுதினார். இங்கே ஒரு சிக்கல் உண்டு. செவி நரம்பு உள்காதிலிருந்து நேராக மூளைக்குப் போகிறது. முதுகுத் தண்டுப் பக்கம் அது வருவதே இல்லை.

ஆனால் பால்மர் நிற்கவில்லை. நோய்களில் 95 சதவீதம் முதுகெலும்பு இடம் பிசகி நரம்பை அழுத்துவதால் வருகிறது என்றார். அந்தப் பிசகலுக்கு 'சப்லக்சேஷன்' என்று பெயர். கிரேக்க மொழி தெரிந்த சாமுவேல் வீட் என்ற பாதிரியார், 'கையால் செய்வது' என்ற பொருளில் கைரோபிராக்டிக் என்ற பெயரை எடுத்துக் கொடுத்தார். 1897-ல் பள்ளியும் வந்துவிட்டது. எக்ஸ்ரே கதிர்களை ரோண்ட்ஜன் கண்டுபிடித்தது அதே 1895 நவம்பரில்தான் என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை. எலும்பைப் படம் பிடிக்கும் வசதி வந்த பிறகும், பால்மர் சொன்ன பிசகல்தான் நோய்களுக்குக் காரணம் என்பதை யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

1906-ல் உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காகப் பால்மர் சிறைக்குப் போனார். பள்ளியை மகன் பி.ஜே. பால்மர் வாங்கிக் கொண்டார். இவர் பெரிய வியாபாரி. 1922-ல் ஒரு வானொலி நிலையத்தையே வாங்கினார். பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன் 1932-ல் அறிவிப்பாளராக வேலைக்குச் சேர்ந்தது அந்த நிலையத்தில்தான்! 1924-ல் முதுகின் வெப்பத்தை அளக்கும் ஒரு கருவியை அறிமுகப்படுத்தினார். அதை விற்கவில்லை, தன் பள்ளியில் படித்தவர்களுக்குப் பெரிய தொகைக்கு வாடகைக்கு விட்டார்.

நோய்க்கெல்லாம் மூலம் முதுகெலும்பு என்று ஒரு முறை ஒப்புக் கொண்டுவிட்டால் அடுத்த படி தானாக வந்துவிடும். பிரசவத்தின்போது குழந்தையின் தலையும் கழுத்தும் இழுபடுகின்றன, திரும்புகின்றன. ஆகவே முதல் பிசகல் அங்கேயே நடக்கிறது. ஆகவே பிறந்தவுடனே சரி செய்ய வேண்டும்! வலி வந்தால்தான் வாடிக்கையாளர் என்ற நிலை மாறி, பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறது.

மருத்துவர்களோடு மோதல்

கைரோபிராக்டர்களுக்கு உரிமம் கொடுத்துச் சட்டம் இயற்றிய முதல் அமெரிக்க மாநிலம் கன்சாஸ். ஆண்டு 1913. கடைசியாக வந்தது லூசியானா, 1974-ல். இடைப்பட்ட காலம் முழுக்கச் சண்டைதான்.

1963-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் போலி வைத்தியத்தை எதிர்க்க ஒரு குழு அமைத்தது. அதன் முக்கியக் குறி கைரோபிராக்டிக். கைரோபிராக்டர்களோடு தொழில் உறவு வைப்பது மருத்துவ தர்மத்துக்கு விரோதம் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லப்பட்டது. 1976-ல் செஸ்டர் வில்க் என்பவரும் இன்னும் நான்கு கைரோபிராக்டர்களும் வழக்குப் போட்டார்கள். 1890-ல் வந்த ஷெர்மன் சட்டம்தான் அவர்கள் ஆயுதம். எண்ணெய், ரயில்வே முதலாளிகளின் ஏகபோகத்தை உடைக்கப் பயன்பட்ட அதே சட்டம்!

1987-ல் நீதிபதி சூசன் கெட்ஸென்டானர், மருத்துவச் சங்கம் கூட்டாகப் புறக்கணிப்பு செய்தது சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தார். 1990-ல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. இந்தத் தீர்ப்பைப் பலர் தவறாகப் புரிந்து கொள்கிறார்கள். போட்டியாளரை ஒன்று சேர்ந்து ஒழிக்கக் கூடாது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. அந்த வைத்தியம் நோயைக் குணப்படுத்துகிறது என்று சொல்லவில்லை. அது நீதிமன்றத்தில் தீர்கிற கேள்வியும் அல்ல.

கர்ப்பிணிகளும் தலை திரும்பாத குழந்தையும்

கர்ப்ப காலத்தில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இடுப்பு வலியோ முதுகு வலியோ வருகிறது. வயிறு முன்னால் தள்ளுவதால் உடல் எடை விழும் இடம் மாறுகிறது. ஹார்மோன்களால் மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களும் தளர்கின்றன. வலி மாத்திரைகளைத் தாராளமாக விழுங்க முடியாத நேரம் அது. மென்மையான கை வைத்தியத்தை அவர்கள் தேடுவதில் ஆச்சரியம் இல்லை. வயிற்றுக்கு இடம் விட்டு வெட்டிய மெத்தைகள், பக்கவாட்டில் படுக்க வைத்து லேசாக அழுத்தும் முறைகள் எல்லாம் இதற்காகவே வந்தன. பொதுவாகப் பெரியவர்களின் இடுப்பு வலிக்கு இந்தச் சிகிச்சை உடற்பயிற்சி போன்ற மற்ற வழிகளைப் போலவே ஓரளவு பலன் தருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கைரோபிராக்டிக்குக்கு உள்ள உறுதியான ஆதாரம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆனால் லாரி வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கைரோபிராக்டர் 1980-களில் இன்னும் ஒரு படி மேலே போனார். இடுப்பு எலும்பின் பின்பகுதியைச் சரி செய்தால், கருப்பையில் தலை திரும்பாத குழந்தை திரும்பிவிடும் என்றார். 'வெப்ஸ்டர் முறை' பிரபலமானது. குழந்தைகளுக்கான கைரோபிராக்டிக் சங்கம் ஒன்றையும் 1986-ல் அவர் தொடங்கினார்.

இங்கேயும் காலம் தன் வேலையைச் செய்து கொண்டே இருக்கிறது. 28-வது வாரத்தில் சுமார் நான்கில் ஒரு குழந்தை தலை மேலாக இருக்கும். பிரசவ நாள் நெருங்கும்போது அது 3 முதல் 4 சதவீதமாகக் குறைந்துவிடும். மற்றவை தாங்களாகவே திரும்பிவிடுகின்றன. ஆகவே 30-வது வாரத்தில் யார் என்ன செய்தாலும் பெரும்பாலும் 'வெற்றி'தான். பிரசவ நாள் நெருங்கியும் திரும்பாவிட்டால், மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்துக் கொண்டே வயிற்றின் மேலிருந்து கையால் திருப்பும் முறை உண்டு. அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வெற்றி கிடைக்கிறது. அது சோதனைகளில் தேறிய முறை. வெப்ஸ்டர் முறைக்கு அப்படிப்பட்ட சோதனை இல்லை. பின்னாளில் அந்தச் சங்கமே, இது குழந்தையைத் திருப்பும் சிகிச்சை அல்ல, தாயின் இடுப்பைச் சீராக்குவது மட்டுமே என்று விளக்கத்தை மாற்றிக் கொண்டது.

இரண்டு சோதனைகள்

அழும் குழந்தைகள் விஷயத்தில் சோதனை நடந்தது. 1999-ல் டென்மார்க்கில் ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு முதுகெலும்புச் சிகிச்சையும், இன்னொரு பிரிவுக்கு வாயுவுக்கான சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். சிகிச்சை பெற்ற குழந்தைகள் குறைவாக அழுததாக முடிவு வந்தது. ஆனால் எந்தக் குழந்தைக்கு எது கிடைத்தது என்று பெற்றோருக்குத் தெரியும். அழுகை நேரத்தைக் குறித்துக் கொடுத்தவர்களும் அதே பெற்றோர்தான்!

2001-ல் நார்வேயின் பெர்கன் நகரில் வெளிவந்த ஆய்வு இந்த ஓட்டையை அடைத்தது. குழந்தையைச் செவிலி தனி அறைக்குத் தூக்கிச் செல்வார். சில குழந்தைகளுக்கு விரல் நுனியால் மென்மையான முதுகெலும்புச் சிகிச்சை. மற்றவர்களைச் செவிலி பத்து நிமிடம் வெறுமனே மடியில் வைத்திருப்பார். உள்ளே என்ன நடந்தது என்று பெற்றோருக்குத் தெரியாது. முடிவு? சிகிச்சை பெற்ற 46 குழந்தைகளில் 32 பேருக்கு முன்னேற்றம். மடியில் மட்டும் இருந்த 40 பேரில் 24 பேருக்கு முன்னேற்றம். சுமார் 70 சதவீதம், 60 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே அல்ல.

2012-ல் காக்ரேன் அமைப்பு ஆறு ஆய்வுகளில் இருந்த 325 குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தமாகப் பார்த்தால் அழுகை குறைந்தது போலத் தெரிந்தது. பெற்றோருக்கு விவரம் தெரியாமல் நடந்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அந்தப் பலன் உறுதியாக நிற்கவில்லை.

லண்டனில் ஒரு வழக்கு

2008 ஏப்ரலில் இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகையில் சைமன் சிங் என்ற அறிவியல் எழுத்தாளர் ஒரு கட்டுரை எழுதினார். பஞ்சாப் வம்சாவளியைச் சேர்ந்தவர். இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். குழந்தைகளின் காலிக், காதுத் தொற்று, ஆஸ்துமா போன்றவற்றுக்குத் தங்கள் உறுப்பினர்கள் உதவ முடியும் என்று பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் சொல்கிறது, அதற்கு ஆதாரமே இல்லை என்பது அவர் வாதம்.

சங்கம் பத்திரிகை மீது வழக்குப் போடவில்லை. சிங் மீது மட்டும் அவதூறு வழக்குப் போட்டது. இங்கிலாந்தின் அவதூறுச் சட்டத்தில் எழுதியவர்தான் தன் வார்த்தையை நியாயப்படுத்த வேண்டும். 2009 மே மாதம் நீதிபதி ஈடி, சங்கம் தெரிந்தே பொய் சொல்கிறது என்றுதான் கட்டுரைக்கு அர்த்தம் வரும் என்று தீர்மானித்தார். சிங் அப்படிச் சொல்ல நினைக்கவே இல்லை. சொல்லாததை நிரூபிப்பது எப்படி? மன்னிப்புக் கேட்டு ஒதுங்கியிருந்தால் பணம் மிச்சம். அவர் மேல்முறையீட்டுக்குப் போனார்.

சங்கம் தன் பக்க ஆதாரம் என்று ஓர் ஆய்வுப் பட்டியலை வெளியிட்டது. ஒரே நாளில் இணையத்தில் வலைப்பதிவர்கள் அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். ஒழுங்குமுறை அமைப்பிடம் கைரோபிராக்டர்களின் விளம்பரங்கள் மீது ஐநூறுக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. வாயை அடைக்கப் போட்ட வழக்கு ஆயிரம் வாய்களைத் திறந்துவிட்டது!

2010 ஏப்ரல் 1 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சிங் எழுதியது கருத்துதான் என்று ஏற்றுக் கொண்டது. அறிவியல் சர்ச்சையை அவதூறு வழக்கால் தீர்க்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். இரண்டு வாரத்தில் சங்கம் வழக்கை வாபஸ் வாங்கியது. அடுத்த மாதமே, சப்லக்சேஷன் நோய்க்குக் காரணம் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை என்று கைரோபிராக்டர்களை ஒழுங்குபடுத்தும் பிரிட்டிஷ் அமைப்பே அறிவித்தது. இந்த வழக்கு கிளப்பிய இயக்கத்தின் பலனாக 2013-ல் புதிய அவதூறுச் சட்டமும் வந்தது.

மெல்பர்ன் வீடியோ

2018-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், பிறந்து இரண்டு வாரமே ஆன குழந்தையை ஒரு கைரோபிராக்டர் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிய வீடியோ அடுத்த ஆண்டு பெரும் சர்ச்சையானது. 2019 மார்ச்சில் அந்நாட்டுக் கைரோபிராக்டிக் வாரியம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதுகெலும்பைத் திருகும் சிகிச்சை கூடாது என்று இடைக்காலத் தடை போட்டது. விக்டோரியா மாநில அரசு ஒரு குழுவை அமைத்து ஆராய்ந்தது. ஆஸ்திரேலியாவில் குழந்தைகளுக்குத் தீங்கு நேர்ந்ததற்கு மிகக் குறைவான ஆதாரமே கிடைத்தது. பலன் கிடைத்ததற்கும் ஆதாரம் மிகப் பலவீனம்தான். பலன் இல்லாத இடத்தில் சிறு ஆபத்தும் எதற்கு? பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கே வேண்டாம் என்றது குழு.

2023 நவம்பரில் வாரியம் தடையை விலக்கியது. இந்தச் செய்தி 2024-ல் பரவியதும் நாட்டின் சுகாதார அமைச்சர்கள் கூடி ஆட்சேபித்தார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் தடை மீண்டும் வந்தது.

இத்தனை கதையிலும் பெற்றோர் மீது குற்றம் இல்லை. தூக்கமில்லாத மூன்றாவது வாரத்தில், 'நான் பார்த்துக் கொள்கிறேன்' என்று சொல்லும் யாரையும் நம்பத் தோன்றும். பல சிகிச்சையாளர்களும் மனதாரத்தான் நம்புகிறார்கள். அவர்கள் கண் முன்னாலேயே குழந்தைகள் அழுகையை நிறுத்துகின்றனவே! காய்ச்சல், வாந்தி, பால் குடிக்க மறுத்தல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அப்படி ஏதும் இல்லை என்றால், பெர்கன் சோதனையில் 'சிகிச்சை பெறாத' அந்த 40 குழந்தைகளை நினைத்துக் கொள்ளலாம். யாரோ ஒரு செவிலி பத்து நிமிடம் மடியில் வைத்திருந்தார். அவ்வளவுதான். 24 குழந்தைகளின் அழுகை குறைந்தது.