மைதானத்துல இல்லாதவங்க சொன்ன மேட்ச்

கோட்டக்குப்பத்துல என் ரூம்ல இருந்துதான் பேசறேன். நடுவுல ஈசிஆர் பஸ் ஹார்ன் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

போன மாசம் ஒரு லிசனர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "ப்ரோ, என்பிஏ மேட்ச் பத்தி ஒன்றரை மணி நேரம் பேசறீங்க. அமெரிக்கா போயிருக்கீங்களா? ஒரு மேட்சாவது நேர்ல பார்த்திருக்கீங்களா?"

ரெண்டுக்கும் பதில், இல்லை. காலைல ஆறு மணிக்கு எழுந்து, காதுல ஹெட்போன் மாட்டி, லேப்டாப்புல பார்த்து, ரீவைண்ட் பண்ணி நோட்ஸ் எடுக்கிற ஆள் நான். ஆனா அவர் கேட்காத ஒண்ணையும் சொல்லிடறேன். ஒரு மேட்சை நான் பார்க்கவே இல்ல. அன்னிக்கு ஆபீஸ்ல ரிலீஸ். ஸ்கோர் விவரமும் பத்து நிமிஷ ஹைலைட்ஸும் மட்டும் பார்த்துட்டு, முழு மேட்சையும் பார்த்த மாதிரி பேசினேன். "டிஃபென்ஸ் சோம்பேறித்தனமா ஆடினான், அதான் கடைசி குவார்ட்டர்ல கோச் வெளியே உட்கார வச்சுட்டார்"னு ஒரு பிளேயரைப் பத்தி அடிச்சு விட்டேன். உண்மையில அவருக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. ஹைலைட்ஸ்ல கூடைக்குள்ள விழுந்த பந்துதான் வரும், நொண்டிக்கிட்டு வெளியே போனவர் வரமாட்டார்.

அதுக்கப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன். நேர்ல பார்க்காம ஒரு மேட்சைச் சொல்றது எப்போ தொடங்குச்சு? அதுல எது நியாயம், எது ஏமாத்து?

முதல்ல 1938க்குப் போவோம். இங்கிலாந்துல ஆஷஸ் தொடர் நடக்குது. ஆஸ்திரேலியாவுல அது நடுராத்திரி. அவ்வளவு தூரத்துல இருந்து வர்ற ரேடியோ அலையை நம்ப முடியாது. அதனால ஏபிசி வானொலி ஒரு வழி கண்டுபிடிச்சது. மைதானத்துல இருக்கிற ஆள் நடந்ததைச் சுருக்கி, சங்கேதச் சொற்கள்ல தந்தி அடிப்பார். சிட்னி ஸ்டுடியோவுல அதைப் பிரிச்சு எழுதி வர்ணனையாளர் கையில கொடுப்பாங்க. அவர் மேட்சைக் கண்ணால பார்க்கிற மாதிரியே பேசுவார். பேட்ல பந்து படுற சத்தத்துக்கு, மரக்கட்டை மேல பென்சிலால ஒரு தட்டு. கைதட்டலுக்கு ரெக்கார்டு. ஓவல் மைதானத்துல லென் ஹட்டன் 364 ரன் அடிச்சதை ஆஸ்திரேலியர்கள் இப்படித்தான் கேட்டாங்க.

தந்தி தாமதமானா? அங்கதான் சிக்கல். ஃபீல்டர் ஷூ லேஸ் கட்டறார்னு ஏதாவது சொல்லி நேரத்தை ஓட்டணும். இருந்தாலும் இது ஸ்டுடியோ வர்ணனைங்கிறது ரகசியம் இல்ல. வீட்ல கேட்டவங்களுக்கும் தெரியும்.

அதே 1930கள்ல அமெரிக்காவுல, அயோவா மாநிலத்தின் டபிள்யூஎச்ஓ வானொலியில ஒரு இளைஞர் பேஸ்பால் மேட்ச்களை இதே முறையில சொல்லிக்கிட்டிருந்தார். மேட்ச் சிகாகோவுல, அவர் ஸ்டுடியோவுல. ஒருநாள் தந்தி லைன் அறுந்து போச்சு. பேச்சை நிறுத்தினா கேட்கிறவங்க வேற ஸ்டேஷனுக்குப் போயிடுவாங்க. பேட்டர் அடிச்ச பந்து எல்லைக் கோட்டுக்கு வெளியே போச்சு, மறுபடியும் வெளியே போச்சுன்னு லைன் திரும்ப வர்ற வரைக்கும் நிமிஷக்கணக்குல கற்பனை பண்ணியே ஓட்டினார். இந்தக் கதையைப் பல வருஷம் அவரே சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கார். பெயர் ரொனால்ட் ரீகன். பின்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஆனவர்.

கேட்க ஜாலியா இருக்கு. ஆனா என் கணுக்கால் கதையும் இதுவும் ஒரே ஜாதி. தகவல் இல்லாத இடத்தைக் கற்பனையால நிரப்பறது.

அடுத்து 1993. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ல படிக்கிற இந்திய, பாகிஸ்தான், இலங்கை மாணவர்களுக்குக் கிரிக்கெட் பார்க்க டிவி கிடையாது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சியாளரா இருந்த சைமன் கிங்ங்கிற பிரிட்டிஷ்காரர், இன்டர்நெட் அரட்டையில ஸ்கோர் சொல்ற ஒரு புரோகிராமைத் தொடங்கினார். அதுதான் கிரிக்கின்ஃபோ. டிவியோ ரேடியோவோ கிடைச்ச ஒருத்தர் பந்துக்குப் பந்து டைப் பண்ணுவார். யார் போட்டார், யார் ஆடினார், எத்தனை ரன். உலகத்தோட இன்னொரு மூலையில யாரோ அதைப் படிச்சுட்டு மேஜையைத் தட்டுவார். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆரம்ப காலத்துல இதை வளர்த்தவங்கள்ல ஒருத்தர் பத்ரி சேஷாத்ரி. சென்னை ஐஐடியில படிச்சு, கார்னெல்ல பிஎச்டி முடிச்சவர். கிழக்கு பதிப்பகம் நடத்தினாரே, அவரேதான். 2003ல விஸ்டன் கைக்குப் போன கிரிக்கின்ஃபோ, 2007ல ஈஎஸ்பிஎன் கைக்கு வந்தது.

எனக்கு இதுல பிடிச்சது அந்த வறட்சியான நடைதான். நம்ம வேலையில லாக் ஃபைல் மாதிரி. நடந்தது இருக்கும், நடக்காதது இருக்காது. சர்வர் பத்து நிமிஷம் படுத்தா லாக்ல பத்து நிமிஷம் காலியா இருக்கும். அந்த இடத்தை யாரும் கதை எழுதி நிரப்ப மாட்டாங்க.

ஆனா லாக் ஃபைலைக் கேட்டு யாருக்கும் கண்ணு கலங்காது. அதுக்கு ஒரு குரல் வேணும். அப்போல்லாம் சென்னையில மேட்ச் நடந்தா வானொலியில தமிழ் வர்ணனை வந்துக்கிட்டிருந்தது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் பேரை உங்க அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க. இலங்கை வானொலி நாடகங்கள்ல நடிச்ச குரல் அது. 2020 டிசம்பர்ல அவர் காலமானப்போ, கிரிக்கெட்டைத் தமிழ்ல கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே அவரைப் பத்தி எழுதுச்சு.

அந்தத் தலைமுறையில எங்க தாத்தாவும் ஒருத்தர். மரக்காணம் உப்பளத்துல கூலி வேலை. வரப்பு மேல ஒரு டிரான்சிஸ்டர் இருக்கும். பாத்திக்குள்ள தூரமா நிக்கிறவங்களுக்குச் சத்தம் கேட்காது. அதனால தாத்தா கேட்டுக் கேட்டுக் கத்திச் சொல்வார். கவர், மிட்விக்கெட் எல்லாம் அவர் வாய்ல வராது. "கிழக்கு வரப்பைத் தாண்டி அடிச்சான்", "மேக்கால மடைகிட்ட கேட்ச் விட்டான்". உப்பளமே சேப்பாக்கம் ஆயிடும்.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்துல பாகிஸ்தான் டெஸ்ட், நாலாவது நாள். ஜெயிக்க 271 வேணும். முதுகு வலியோட சச்சின் ஆடிக்கிட்டிருக்கார். ஜனவரின்னா உப்பளத்துல பாத்தியை மிதிச்சு சமப்படுத்துற காலம். சேத்துல நின்னுக்கிட்டு எல்லாரும் தாத்தா வாயையே பார்க்கிறாங்க. சச்சின் நூறைத் தாண்டி ஆடறப்போ பேட்டரி தீர்ந்து போச்சு.

"என்னாச்சுண்ணே?"ன்னு கேட்டாங்களாம். ரீகனா இருந்தா இன்னும் நாலு பவுண்டரி அடிச்சிருப்பார். தாத்தா சொன்னது இதுதான்: "தெரியலப்பா. பேட்டரி போச்சு. அதுவரைக்கும் அவன் ஆடிக்கிட்டுத்தான் இருந்தான்."

வேலை முடிஞ்சு ரோட்டுக்கு வந்தப்போ டீக்கடையில கூட்டம் இருந்துச்சாம், ஆனா சத்தமே இல்லையாம். சச்சின் 136ல அவுட். அப்போ இன்னும் 17 ரன்தான் வேணும். மீதி மூணு விக்கெட்டும் நாலே ரன்ல போய், 12 ரன்ல தோத்தாச்சு. ஆனா சேப்பாக்கம் ரசிகர்கள் எழுந்து நின்னு பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினாங்க. மறுநாள் உப்பளத்துல தாத்தா அந்தக் கடைசிப் பகுதியையும் சொன்னார். எப்படித் தெரியுமா? "இது நான் கேட்டது இல்ல. டீக்கடையில சொன்னது"ன்னு ஆரம்பிச்சு. அன்னிக்குப் பக்கத்துப் பாத்தியில நின்ன எங்க அப்பா, இப்பவும் இந்த மேட்சை அதே வரிசையிலதான் சொல்வார்: இதுவரைக்கும் ரேடியோ, இதுக்கு மேல டீக்கடை.

அந்த லிசனருக்கு என் பதில் இதுதான். எங்க உட்கார்ந்து பார்த்தேன்கிறது தப்பு இல்ல. அதை மறைச்சதுதான் தப்பு. இனிமே ஒவ்வொரு எபிசோடும் ஒரு வரியோட ஆரம்பிக்கும்: முழுசா பார்த்தேனா, பாதி பார்த்தேனா, ஹைலைட்ஸ் மட்டுமா. கணுக்கால் எபிசோடுக்குத் திருத்தம் சேர்த்தாச்சு.

இன்னிக்கு மேட்சுக்கு வருவோம். முதல் மூணு குவார்ட்டர் முழுசா பார்த்தேன். நாலாவதுல கரன்ட் போச்சு. அது ஸ்கோர் கார்டுல பார்த்தது.