பிற்காப்பு

குழந்தைகள் இல்லத்திலோ அரசு ஏற்பாட்டிலான வளர்ப்புப் பராமரிப்பிலோ வளர்ந்தவர்கள், 18 வயது நிறைந்து வெளியேறியபின் தனித்து வாழப் பெறும் உதவியே பிற்காப்பு. இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் (46-ஆம் பிரிவு) நிறுவனப் பராமரிப்பிலிருந்து வெளியேறுவோருக்கு நிதியுதவி அளிக்க வழிசெய்கிறது. உதவி பொதுவாக 21 வயது வரை. இச்சட்டத்தின்கீழ் வந்த 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் விதிவிலக்கான சூழலில் இதை 23 வயது வரை நீட்டிக்க இடம் தருகின்றன.

பெற்றோரோடு வளர்பவருக்குப் பதினெட்டு வயது ஒரு பிறந்தநாள். இல்லத்தில் வளர்ந்தவருக்கோ அன்றுடன் உணவும் உறைவிடமும் தெரிந்த முகங்களும் ஒருசேர விலகிப்போகலாம். வாடகைக்கு வீடு கேட்டால் பெற்றோர் யார், சொந்த ஊர் எது என்பதே முதல் கேள்வி. முகவரிச் சான்று இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு தொடங்குவதும் கடினம். கடைக்குப் போய்க் கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் பழக்கம்கூட, எல்லாம் மணியடித்து நடக்கும் இல்லங்களில் எளிதில் வாய்ப்பதில்லை.

இந்த இடர்களைச் சமாளிக்க, ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் தற்காலிகக் குடியிருப்பு, தொழிற்பயிற்சிக் கால உதவித்தொகை, ஆலோசகர், சுயதொழில் கடன் ஏற்பாடு ஆகியவற்றை மாதிரி விதிகள் குறிப்பிடுகின்றன. ஒன்றிய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவுக்கு 2022-இல் வெளியான வழிகாட்டுதல்கள் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை வகுத்தன. நகரத்தில் அறை வாடகைக்கே இது போதாமல் போகலாம். எனவே பதினெட்டு வயதுக்கு முன்பே, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வகுக்கப்படும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் படிப்பு, ஆவணங்கள், தங்குமிடம் ஆகியவற்றை முடிவுசெய்வது பிற்காப்பின் மிக முக்கியமான பகுதி.