சார்ஜென்ட் ஏறிய குதிரை

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். மேளச் சத்தத்துக்குக் குதிரை காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடும், கூட்டம் விசிலடிக்கும். கிட்டத்தட்ட இதையே கோட்டு சகிதம் அமைதியாகச் செய்தால், ஒலிம்பிக்கில் அதற்கு 'டிரெஸ்ஸாஜ்' என்று பெயர். பந்தயம் கிடையாது, தாண்டுவது கிடையாது. குதிரை எப்படி நடக்கிறது, திரும்புகிறது, நிற்கிறது என்பதற்குத்தான் மார்க்!

1912-ல் ஒலிம்பிக்கில் நுழைந்த இந்த ஆட்டம், ரொம்ப காலம் ராணுவ அதிகாரிகளின் கோட்டை. சிப்பாய்க்கும் பெண்களுக்கும் 'நோ என்ட்ரி'. 1948 லண்டனில் ஸ்வீடன் அணிக்குத் தங்கம். அதில் ஒருவரான பெர்சோன், அசலில் வெறும் சார்ஜென்ட். போட்டிக்காகவே அவசர அவசரமாக லெஃப்டினென்ட் ஆக்கியிருந்தார்கள். முடிந்ததும் பழையபடி சார்ஜென்ட்! குட்டு வெளிப்பட, 1949-ல் தங்கத்தைப் பிடுங்கி பிரான்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். மேலே உட்கார்ந்திருப்பவர் தோளில் எத்தனை நட்சத்திரம் என்று குதிரைக்குத் தெரியுமா என்ன?

1952-ல் விதியைத் தளர்த்தினார்கள். அதே பெர்சோன், அதே இரண்டு கூட்டாளிகள், மறுபடி தங்கம். 1956-லும்! போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க் பெண் லிஸ் ஹார்டெலைக் குதிரைமேல் ஏற்றிவிடவே ஆள் வேண்டும். 1952-ல் தனிநபர் பிரிவில் ஆண்களோடு மோதி வெள்ளி வாங்கினார் அந்த அம்மா.

நம் நாட்டில்? 1982 டெல்லி ஆசியப் போட்டியில் குதிரையேற்றத் தங்கம் வாங்கிய ரகுபீர் சிங், ராணுவ வீரர். அடுத்த தங்கத்துக்கு 41 வருஷம் ஆனது. 2023-ல் சீனாவின் ஹாங்சோவில், டிரெஸ்ஸாஜ் அணிப் பிரிவில் ஜெயித்தவர்கள் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹ்ருதய் சேடா, அனுஷ் அகர்வாலா. ஒருவர்கூட ராணுவம் இல்லை. முதல் இரண்டு பேரும் பெண்கள்.