வெளியே சொல்ல முடியாத ஒரு வியாதியின் சரித்திரம்

முன்குறிப்பு: சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள், சாப்பிட்டு முடித்துவிட்டு வரவும் :-)

நம்மூர் பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் "மூலம், பௌத்திரம்" விளம்பரம் பார்க்காத தமிழன் கிடையாது. பின்பக்கம் என்ன தொந்தரவு வந்தாலும் நாம் அதற்கு வைக்கிற ஒரே பெயர் மூலம். அந்தப் பெயருக்குள் மறைந்துபோகிற ஒரு வியாதிதான் மலக்குடல் இறக்கம், அதாவது மலக்குடலே ஆசனவாய் வழியாக வெளியே தள்ளிவருவது.

இரண்டும் ஒன்று இல்லைங்க. மூலத்தில் வெளியே வருவது வீங்கிய ரத்தநாளத் திசு. தனித்தனி முண்டுகளாகத் தெரியும். இதில் வருவது குடலின் முழுச் சுவர். வட்ட வட்டமான மடிப்புகளோடு இருக்கும். பெரியவர்களில் வயதான பெண்களுக்குத்தான் அதிகம். சின்னக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, சத்துக்குறைவு, குடல்புழு இதனாலெல்லாம் வரும். அவர்களுக்குக் காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தானே போய்விடும்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். எகிப்தில் கிமு 1550 வாக்கில் எழுதிய ஏபர்ஸ் பாப்பிரஸிலேயே ஆசனவாய் நோய்களுக்கு மருந்து இருக்கிறது. ஹிப்போகிராட்டிஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல் சொல்லும் வைத்தியம் இன்னும் பிரமாதம். ஆளைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் குலுக்கணும், குடல் உள்ளே போய்விடும்!

நம்ம சுஸ்ருதர் கொஞ்சம் இரக்கம் உள்ளவர். அவர் வைத்த பெயர் குதபிரம்சம். எண்ணெய் தடவி, ஒத்தடம் கொடுத்து, மெதுவாக உள்ளே தள்ளி, நடுவில் ஓட்டை விட்ட தோல்கட்டு போடச் சொல்கிறார். ஓட்டை எதற்கு? காற்று பிரியத்தான். கூடவே எலி மாமிசம் சேர்த்துக் காய்ச்சிய தைலமும் உண்டு. அதை யாரும் முயற்சி செய்யவேண்டாம்.

நான் குடியிருக்கும் தொம்மலூரில் ஒரு சொக்கநாதர் கோயில் இருக்கிறது. ஹொய்சளர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே உண்டு. ஐடி கம்பெனிக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த நமக்கு முன்னாலேயே தமிழ் இங்கே வந்துவிட்டது! அதே மாதிரிக் கோயில் கல்வெட்டு ஒன்றுதான் நம் வைத்திய சரித்திரத்துக்கும் சாட்சி. பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, சுமார் 1068. பதினைந்து நோயாளிகள் படுக்கும் ஆதுலர் சாலை, ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், பணிவிடைக்குப் பெண்கள் என்று கணக்கோடு சொல்கிறது. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், அறுவை செய்பவருக்கு 30 கலம். சர்ஜன் சம்பளம் மூன்றில் ஒரு பங்குதான்!

நவீன அறுவை சிகிச்சை ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சூடு பிடித்தது. 1889-ல் மிக்குலிச் வெளியே வந்த குடலைக் கீழ்வழியாகவே வெட்டித் தைத்தார். 1891-ல் தீர்ஷ் ஆசனவாயைச் சுற்றி வெள்ளிக் கம்பி கட்டினார், சுருக்குப்பை மாதிரி. 1900-ல் டெலோர்ம் உள்தோலை மட்டும் உரித்து, தசையைப் பாவாடைக் கொசுவம் போல மடித்துத் தைத்தார். கொடுமை என்னவென்றால், வியாதி எப்படி வருகிறது என்பதே அப்போது சரியாகப் புரியவில்லை. ஒருவகைக் குடலிறக்கம் என்றார் மாஸ்கோவிட்ஸ், 1912-ல். 1968-ல் புரோடன், ஸ்னெல்மன் இருவரும் எக்ஸ்ரேயைச் சினிமாப்படம் போல ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெளிவானது. சட்டைக் கை உள்பக்கமாகத் திரும்பி வருவது போல, குடல் தனக்குள்ளேயே புகுந்து இறங்குகிறது.

அதன்பின் வயிற்று வழியாகக் குடலைத் தூக்கி முதுகெலும்பின் அடிப்பகுதியோடு பிணைக்கும் முறைகள் வளர்ந்தன. இன்று அதை லேப்ராஸ்கோப்பியிலேயே செய்கிறார்கள். பெல்ஜியத்தின் டி'ஹோர் 2004-ல் வெளியிட்ட, குடலின் முன்பக்கம் மட்டும் வலை வைக்கும் முறை ரொம்பப் பிரபலம். ஆனால் எது சிறந்தது? 293 நோயாளிகளை வைத்துச் செய்த ப்ராஸ்பர் ஆய்வு 2013-ல் வந்தது. திரும்ப வருவதில் முறைகளுக்கிடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எந்த முறையானாலும் நோயாளிகளின் வாழ்க்கை நன்றாகவே மேம்பட்டது. நான் பிடித்துக்கொள்வது இந்தக் கடைசி வரியைத்தான்.

ஏன் என்றால், இந்த வியாதியில் பெரிய எதிரி வெட்கம். ஊரிலிருந்து பிள்ளை வீட்டுக்கு பெங்களூர் வந்திருக்கும் அம்மாவை நினைத்துப் பாருங்கள். டாக்டரிடம் கன்னடத்திலோ இங்கிலீஷிலோ சொல்ல மகன் வேண்டும். மகனிடம் இதைச் சொல்ல வாய் வராது. அதனால் "லேசா மூலம்பா" என்று முடித்துவிடுவார். தானே உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுவார். அதற்குள் தசை தளர்ந்து, மலத்தை அடக்க முடியாமல் போகும். பிறகு கல்யாணம், கோயில் எதற்கும் வெளியே வரமாட்டார். வெளியே வந்த குடல் உள்ளே போகாமல் கறுத்துவிட்டாலோ, அது அவசர கேஸ். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர், 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். அறுவை சிகிச்சைக்கு "இரணவைத்தியம்" என்று ஒரு புத்தகமே தமிழில் கொண்டுவந்தார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் நம் பாஷையில் சொல்லக் கூச்சப்படாததை நாம் வீட்டுக்குள் சொல்ல ஏன் கூச்சப்படணும்? "அம்மா, வெளிய ஏதாவது தள்ளுதா?" என்று கேளுங்கள். நாலே வார்த்தைதான்.