மறைந்த கம்பியும் மறைக்கப்பட்ட கைகளும்

தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆண்டெனா என்பது உடல் சார்ந்த ஓர் அனுபவம். ஒருவர் மொட்டை மாடியில் ஏறிக் குழாயைத் திருப்ப வேண்டும். இன்னொருவர் வாசலில் நின்று, உள்ளேயிருந்து வரும் குரலை மேலே கடத்த வேண்டும். “தெரியுதா?” “புள்ளி புள்ளியா வருது.” “இப்ப?” “போச்சு, பழையபடி வை.” கடலோர ஊர்களில் உயரக் குழாய் நட்டு இலங்கை ரூபவாஹினியைப் பிடித்தார்கள். யார் வீட்டில் டி.வி. இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்பதைக் கூரைகளே சொல்லின. ஊர்த்தெருவின் கூரைகளையும் காலனியின் கூரைகளையும் பஸ்ஸில் போகும்போதே பிரித்தறிய முடிந்தது.

இன்று ஆண்டெனா அழிந்துவிடவில்லை. பல மடங்கு பெருகி, கண்ணிலிருந்து மட்டும் விலகியிருக்கிறது. இந்த மறைவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நம் சூழலில் தொழில்நுட்பம் பற்றிய எழுத்து ஒன்று கண்டுபிடிப்பாளர்களின் புகழ்மாலையாக இருக்கும், இல்லாவிட்டால் ‘எல்லாம் ஏகாதிபத்தியம்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். இரண்டிலுமே பொருளைத் திறந்து பார்க்கும் வேலை நடப்பதில்லை. தமிழ் படித்தவனுக்கு இது எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு, பொருளும் ஒரு பிரதிதான் என்பதே என் பதில்.

1

மாடியில் மீன்முள் மாதிரி நின்ற அந்தக் கம்பிகளுக்கு யாகி-உடா என்று பெயர். ஜப்பானின் செண்டாய் நகரில் தோஹோகு பல்கலைக்கழகத்தில் 1926 வாக்கில் உருவானது. சோதனைகளைப் பெருமளவு செய்தவர் ஷின்டாரோ உடா. ஆங்கிலத்தில் எழுதி உலகத்துக்குச் சொன்னவர் அவருடைய பேராசிரியர் ஹிடெட்சுகு யாகி. அதனால் உலகத்தின் வாயில் அது ‘யாகி’ ஆனது. கூடவே நின்ற உடா உதிர்ந்துபோனார். வெளிநாட்டுக் காப்புரிமைகள் மார்க்கோனி, ஆர்.சி.ஏ. கம்பெனிகளிடம் போய்ச் சேர்ந்தன. 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படை, பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவனின் ரேடார் குறிப்பேட்டில் ‘யாகி’ என்ற சொல்லைப் பார்த்து விழித்ததாம். அது உங்கள் நாட்டுக்காரர் பெயர்தானே என்று கைதிதான் விளக்கினானாம். செய்த இடத்திலேயே அறிவு மறக்கப்பட்டு, வாங்கிய இடத்தில் ஆயுதமாகிவிடுகிறது. பின்னால் வரப்போகும் கதையின் முன்னோட்டம் இது.

2

1995 ஜூலை 31 அன்று இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பில் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து சுக்ராமிடம் பேசினார். அந்தக் காலத்து போன்களின் தலையில் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் காரணம் அழகல்ல, கணக்கு. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். அதில் கால்பங்காவது கம்பி இருந்தால் ஆண்டெனா நன்றாக ஒலிக்கும், அதாவது 8 சென்டிமீட்டர். இந்த நீளத்தைத் தட்டையான உலோகத் தகடாக்கி, ஒரு முனையைத் தரைத்தளத்தோடு இணைத்து, பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே பதுக்கும் வித்தை 90களில் கைகூடியது. ஹாகெனுக் 1996இலும், விலையுயர்ந்த மாடலான நோக்கியா 8810 1998இலும் குச்சியை உள்ளே இழுத்தன. 1999இல் வந்த நோக்கியா 3210 அதைச் சாதாரண ஜனங்களின் பொருளாக்கிற்று. உலகம் முழுக்க ஏறத்தாழ 16 கோடி விற்றது.

குச்சி மறைந்தபோது இன்னொன்றும் நடந்தது. பிடிக்கிற கையே ஆண்டெனாவின் பகுதியாகிவிட்டது. விரல்கள் அலையை உறிஞ்சும், ஒத்திசைவைக் கலைக்கும். 2010இல் ஐபோன் 4இன் ஓரத்து உலோகப் பட்டையே ஆண்டெனாவாக இருந்தது. அதில் ஒரு மூலையைத் தொட்டால் சிக்னல் விழுந்தது. பழைய ஆண்டெனா மனிதனை மாடிக்கு ஏறச் சொன்னது. புதியது அவன் கையை எங்கே வைப்பது என்று ஒழுங்குபடுத்துகிறது. எங்கும் தெரியாமல் உடலில் வேலை செய்யும் அதிகாரம் பற்றி ஃபூக்கோவை மேற்கோள் காட்டி நிறைய எழுதிவிட்டோம். சட்டைப் பையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

3

இடம் சுருங்கச் சுருங்க, கம்பியின் வடிவமே சரக்காகிற்று. பாஸ்டனில் நேதன் கோஹன் என்ற வானியலாளருக்கு வீட்டு ஓனர் மாடியில் ஆண்டெனா வைக்க அனுமதி தரவில்லை. 1988இல் அவர் கம்பியைத் தனக்குள் தானே திரும்பத் திரும்ப மடியும் வடிவத்தில், ஃப்ராக்டலாக, மடித்துப் பார்த்தார். சின்ன இடத்தில் நீண்ட கம்பி. பார்சிலோனாவில் கார்லஸ் புவெந்தே இதே திசையில் ஆராய்ந்தார். 1999இல் ஃப்ராக்டஸ் என்ற கம்பெனி பிறந்தது. 2009இல் பத்து போன் கம்பெனிகள்மீது அது டெக்சாசில் வழக்குப் போட்டது. 2011இல் சாம்சங் 2 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் தர வேண்டும் என்று ஜூரி சொன்னது. ஒரு கோடு எப்படி மடிகிறது என்பதற்கான விலை அது.

அந்த மடிப்புகளைப் பார்த்தபோது எனக்கு வாசல்தான் ஞாபகம் வந்தது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இலேயே கோலத்தை ஒரு மொழியாக, இலக்கண விதிகளால் உருவாகும் வரைவாக, கணினியியலுக்குள் கொண்டுபோனார்கள். உடனே ‘எல்லாம் நம்ம பாட்டி கண்டுபிடிச்சது’ என்று கிளம்ப வேண்டாம். கோலம் போட்ட பெண்கள் ஆண்டெனாவைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பெருமிதம் அவர்களுக்கு ஒன்றும் தராது. என் கேள்வி வேறு. கையிலிருந்து கைக்குப் போய், மறுநாள் காலையில் பெருக்கித் தள்ளப்படும் வடிவத்துக்கு உரிமையாளர் இல்லை. உலோகத்தில் அச்சானதும் அதே தர்க்கத்துக்கு உரிமையாளர் முளைத்துவிடுகிறார். வடிவம் எந்தக் கணத்தில் சொத்தாகிறது?

4

இனி ஸ்ரீபெரும்புதூர். 2005இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்ட நோக்கியா, 2006இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பின்னாலேயே அதற்கு உதிரிப் பாகம் தருபவர்களும் வந்தார்கள். ஃபாக்ஸ்கான், சால்காம்ப், பெர்லோஸ், ஆண்டெனாவுக்குப் பெயர்போன லேர்ட். சந்தையின் உண்மையான உருவம் இதுதான். வாங்குபவர் பெரியவர், ஒருவர். விற்பவர்கள் அவர் எங்கே போனாலும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறவர்கள். பெர்லோஸை 2007இல் தைவானின் லைட்-ஆன் வாங்கியது. நோக்கியாவின் சரிவோடு அந்தச் சங்கிலி அறுந்தது. வரித் தகராறில் 2013இல் ஆலை முடக்கப்பட்டது. 2014இல் மைக்ரோசாப்ட் நோக்கியாவின் போன் பிரிவை வாங்கியபோது இந்த ஆலையை விட்டுவிட்டு வாங்கியது. 2014 நவம்பர் 1இல் கதவு சாத்தப்பட்டது. நடுவில் 2010இல் வேலைநிறுத்தங்கள் நடந்தன. அந்த அக்டோபர் கடைசியில் மெஷினில் சிக்கி ஓர் இளம்பெண் தொழிலாளி இறந்தார். அடுத்தடுத்த மாடல்களின் விளம்பரத்தில் அந்த மரணத்துக்கு இடமில்லை.

என் சித்தப்பா மகள் அந்த வட்டாரத்தில் ஒரு சப்ளையர் கம்பெனியில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவள். கம்பெனியின் பெயர் வேண்டாம். விடியுமுன் பஸ் வந்துவிடும். மெல்லிய செம்புக் கோடுகள் ஓடும் ஒரு படலத்தை எடுத்து, பிளாஸ்டிக் சட்டத்தில் சுருக்கம் விழாமல் ஒட்ட வேண்டும். ஷிஃப்டுக்கு இத்தனை என்று கணக்கு. ஒருநாள் பழைய போன் ஒன்றைக் கழற்றி அவளிடம் காட்டினேன்.

“இதத்தானே ஒட்டுவ?”

“ஆமாண்ணே, இதேதான். இது என்ன?”

“ஆண்டெனா.”

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்ககிட்ட பார்ட் நம்பர்தான் சொல்லுவாங்க. ஏதோ ஸ்டிக்கர்னு நெனச்சேன். தெரிஞ்சிருந்தா வீட்ல பெருமையா சொல்லியிருப்பேனே.”

அந்நியமாதல் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், விவாதித்திருக்கிறேன். அவள் சொன்னதற்கு எந்தப் பக்கத்தையும் புரட்டிக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. கூலி குறைவு, நேரம் அதிகம் என்பது நமக்குத் தெரிந்த சுரண்டல். தன் கை செய்ததின் பெயரே தனக்கு மறுக்கப்பட்டது என்பதை நம் கோரிக்கைப் பட்டியலில் எங்கே எழுதுவது?

5

இன்று ஆண்டெனாவை எதிர்பார்த்திருக்கும் பெரிய சந்தை போன் மட்டுமல்ல, பேசாத பொருட்கள். டீக்கடையில் ‘பத்து ரூபாய் பெறப்பட்டது’ என்று கத்தும் பெட்டிக்குள் ஒரு சிம், ஓர் ஆண்டெனா. வாடகை வண்டியின் ஜி.பி.எஸ். பெட்டியிலும் அப்படித்தான். 2021இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டம் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களைக் குறிவைத்தது. அவற்றில் செல்போன் வலையில் பேசுபவை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டெனா வேண்டும். அன்று மாடி ஆண்டெனா வாங்க மட்டுமே செய்தது. இன்று உள்ளே ஒளிந்திருப்பது வாங்குகிறது, நம்மைப் பற்றி அனுப்பவும் செய்கிறது. எவ்வளவு கரண்ட் எரித்தோம், எங்கே வண்டியை நிறுத்தினோம் என்பதெல்லாம் அதன் வழியேதான் போகிறது. சந்தை அறிக்கைகளில் இது எண்ணிக்கையாகவும் டாலராகவும் மட்டுமே இருக்கிறது. ஒட்டுகிற கையும், கண்காணிக்கப்படுகிற வீடும் அந்தப் பக்கங்களில் இல்லை.

மூடிக் கிடந்த அந்த ஆலையை சால்காம்ப் வாங்குவதாக 2019இல் அறிவிப்பு வந்தது. ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் மறுபடியும் விடியுமுன் பஸ்கள் ஓடுகின்றன. உள்ளே உட்கார்ந்திருக்கிற பெண்களிடம் யாராவது பார்ட் நம்பரைத் தவிர வேறு பெயர் சொல்லியிருப்பார்களா? வாசலில் துண்டறிக்கை கொடுக்கப் போகிற தோழர்கள் கூலிக் கோரிக்கையோடு சேர்த்து, அவர்கள் செய்வது என்ன என்பதையும் நாலு வரி எழுதிக்கொண்டு போகலாம்.