தாய்ப்பலகை மாறினால் பொறி மாறுமா?

சென்ற பருவத்தின் இறுதியில் எங்கள் துறையின் சர்வர் ஒரு காலையில் உயிர்பெற மறுத்தது. வன்தட்டுகள் நலமாக இருந்தன. நினைவகமும் பவர் சப்ளையும் நலமாக இருந்தன. பழுது தாய்ப்பலகையில். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த மாதிரிக்கு உதிரிப் பலகை இனி வராது என்று உற்பத்தியாளரிடமிருந்து பதில் வந்தது. நேரு பிளேஸில் ஒரு பழைய பலகை கிடைத்தது. அதைப் பொருத்தி இயக்கியபோது, பொறி வேறொரு சர்வரின் தொடரெண்ணைத் தன்னுடையதாக அறிவித்தது. வட்டுகளைத் திறக்க மீட்புச் சாவியையும் கேட்டது.

அவ்வட்டுகளில் இருந்தவை, எழுத்துவடிவம் இல்லாத ஒரு மொழியின் களப்பதிவுகள். பேசியவர்களுள் இருவர் இன்று உயிருடன் இல்லை. பதிவுகளின் ஒரு பகுதிக்கு வேறு படி எடுக்கப்பட்டிருக்கவில்லை. முன்பு பணியாற்றிய ஊழியர் ஒருவர் சாவியை ஒரு தாளில் எழுதி இருப்புப் பதிவேட்டினுள் செருகி வைத்திருந்ததால் அவை மீண்டன. ஒரு பலகை மாறியதும் தன் தரவையே அடையாளம் காணாத நிலைக்குக் கணிப்பொறி எவ்வாறு வந்தது என்ற வினா அன்று எழுந்தது. அதற்கு வரலாற்றில்தான் விடை தேட வேண்டியிருக்கிறது.

மொழியியல் மாணவருக்கு இவ்வினா புதிதன்று. முழுமையை முதல் என்றும் உறுப்பைச் சினை என்றும் நம் இலக்கணம் பிரிக்கிறது. ஆனால் தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் அப்பிரிவை நிலையானதாகக் கொள்ளவில்லை. முதலும் சினையும் பொருளால் வேறானவை அல்ல, சொல்வோன் குறிப்பினாலேயே அவ்வாறு வழங்கும் என்கிறது. உடலை நோக்கக் கை சினை. விரலை நோக்க அதே கை முதல். எது முழுமை, எது உறுப்பு என்பதைச் சொல்வோனே வகுக்கிறான். கணிப்பொறியின் வரலாற்றை, அந்தச் 'சொல்வோன்' இடம் மாறிய வரலாறாகவும் வாசிக்கலாம்.

1946இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உலகறிய இயக்கிக் காட்டப்பட்ட எனியாக்கில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. குழாய்கள் பழுதாகும் என்பதை அறிந்தே அதை வடிவமைத்தனர். எண்ணிகள் போன்ற பகுதிகளைக் கழற்றி மாற்றத்தக்க அலகுகளாக அமைத்து, பழுதானதை உருவி மாற்று அலகைச் செருகினர். ஐபிஎம் 1959இல் அறிவித்த 1401 பொறியில் இம்முறை முதிர்ச்சி பெற்றது. டிரான்சிஸ்டர்கள் பதித்த உள்ளங்கை அளவு அட்டைகள், பின்புறம் கம்பிகளால் பின்னப்பட்ட சட்டத்தில் வரிசையாகச் செருகப்பட்டிருந்தன. பொறியாளர் மின்சுற்று வரைபடத்தை விரித்து, குற்றமுள்ள அட்டையைக் கண்டு மாற்றுவார். அங்கே எந்த அட்டையும் 'தாய்' அன்று. எதை மாற்றினாலும் பொறி அதே பொறிதான்.

இந்திய வரலாற்றில் இதன் பொருள் 1978இல் விளங்கியது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் அயல்நாட்டு நிறுவனங்களின் பங்குரிமையைக் குறைக்கக் கோரியது. ஐபிஎம் அதற்கு இசையாமல் 1978இல் நாட்டை விட்டு வெளியேறியது. அதன் பொறிகள் இங்கேயே இருந்தன. 1975இல் அரசு நிறுவியிருந்த கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் அவற்றின் பராமரிப்பை ஏற்றது. ஐபிஎம்மில் பணியாற்றிய பொறியாளர்கள் சிலரும் அதில் சேர்ந்தனர். தயாரித்தவர் போன பின்னும் பொறிகள் ஓடின. அந்நிகழ்வைத் தற்சார்பின் வெற்றியாக மட்டும் பேசுவது வழக்கம். அதற்கு ஒரு பொருள்சார் அடிப்படையும் இருந்தது என்பது என் கருத்து. பழுதை அட்டையளவில் கண்டறிய முடிந்தது. அதைக் கண்டறியும் அறிவு மனிதர்களிடம் இருந்தது. மாற்றிய உறுப்பை ஏற்கப் பொறி யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை.

1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியில் செயலி, நினைவகம், விரிவாக்கச் செருகிடங்கள் ஆகியவை ஒரே பெரும்பலகையில் அமைந்தன. ஐபிஎம் அதைச் 'சிஸ்டம் போர்டு' என்றே எழுதியது. உலகின் நாவில் நிலைத்தது 'மதர்போர்டு'. தமிழில் அது தாய்ப்பலகை ஆயிற்று. தாய் என்ற உருவகம் ஒரு படிநிலையை உள்ளே கொண்டுவருகிறது: ஒன்று ஈன்றது, மற்றவை அதைச் சார்ந்தவை. ஆயினும் பலகை ஒன்றானதையே குற்றமாகக் கூற இயலாது. அந்தப் பிசியின் மின்சுற்று வரைபடங்களையும் பயாஸ் நிரலையும் ஐபிஎம் தன் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டே வெளியிட்டது. உறுப்புகள் ஒன்றிணைந்தன, அறிவு அப்போதும் வெளியே இருந்தது.

உண்மையான மாற்றம், அடையாளம் பலகைக்குள் குடியேறியபோது நிகழ்ந்தது. இன்றைய சர்வரின் தாய்ப்பலகையில் தொடரெண், வலையமைப்பு முகவரிகள், தொலைவிலிருந்து பொறியைக் கண்காணிக்கும் தனிச் சில்லு ஆகியவை உள்ளன. மறையாக்கச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் சில்லும் பல பொறிகளில் அங்கேயே இருக்கிறது. அச்சில்லின் காவலில் பூட்டப்பட்ட வட்டு, பலகை மாறினால் தானாகத் திறவாது. திருடனிடமிருந்து தரவைக் காப்பதே இதன் நோக்கம், அந்நோக்கம் நியாயமானது. ஆனால் திருடனையும் பழுதுநீக்குபவரையும் சில்லு வேறுபடுத்தி அறியாது. உரிம விதிகளும் இவ்வழியே சென்றன. விற்பனையின்போதே கணினியில் நிறுவித் தரப்படும் விண்டோஸ் உரிமங்களில், பழுது அல்லாத காரணத்துக்காகத் தாய்ப்பலகையை மாற்றினால் அதைப் புதிய கணினியாகவே மைக்ரோசாஃப்ட் கருதிவந்தது. இலக்கணத்தின் மொழியில் கூறினால், ஒரு சினை முதலாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அறிவித்தவர் பயன்படுத்துபவர் அல்லர், தயாரிப்பவர்.

இது தொழில்நுட்பத்தின் தவிர்க்க முடியாத விதியன்று. சர்வர்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு விதிமுறை, தாய்ப்பலகை உள்ளிட்ட உறுப்புகளைப் பழுதுநீக்கவும் மறுபயன்பாட்டுக்கும் கழற்றக்கூடியவையாக அமைக்கக் கோருகிறது. ஒரு மாதிரியின் கடைசிப் பொறி சந்தைக்கு வந்தபின் எட்டு ஆண்டுகளேனும் நிலைபொருள் கிடைக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் பழுதுநீக்கும் உரிமைக்காக 2022இல் நுகர்வோர் நலத்துறை அமைத்த குழு வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டுப் பயன்பாட்டுப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய துறைகளைத் தேர்ந்தது. அப்பட்டியலில் சர்வர்கள் தனியே இடம்பெறவில்லை. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் சிறு துறைகளும் தம் நினைவை அவற்றில்தான் வைத்திருக்கின்றன.

எங்கள் சர்வர் இப்போது ஓடுகிறது. அதன் பழைய தொடரெண்ணைத் தொழில்நுட்பர் புதிய பலகையில் எழுதிவிட்டார். அது அதே பொறியா என்று கேட்டால், ஆம் என்பேன். அப்பதிவுகளைக் காப்பவர் நாம் என்பதால் அதைச் சொல்லும் உரிமையும் நம்மிடம் இருக்க வேண்டும். ஆனால் அன்று அவ்வாறு சொல்ல முடிந்தது, யாரோ ஒருவர் ஒரு தாளைப் பத்திரப்படுத்தியிருந்ததால் மட்டுமே. ஆய்வுத் தரவைப் பொறுப்பில் வைத்திருக்கும் நண்பர்கள் தம் துறையில் மீட்புச் சாவி எங்கே இருக்கிறது, பதிவுகளுக்கு இரண்டாம் படி உள்ளதா என்பதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். இறந்தவரை மீண்டும் ஒருமுறை பேசவைத்துப் பதிவுசெய்ய முடியாது.